மார்கரெட் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மார்கரெட் ஹாமில்டன் டீச்சருக்கு,

வணக்கம். நடிக்க வருவதற்கு முன் பாலர் வகுப்பு எடுத்தவர் என்பதால் உங்களை டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். ஊர் உலகம் உங்களைச் சூனியக்காரி என்றுதான் கூப்பிட்டது. 1939-ல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் பச்சை முகத்தோடு விளக்குமாற்றில் பறந்தீர்களே, அந்தப் பயம் பிள்ளைகளை லேசில் விடவில்லை.

நான் எழுத வந்தது அதன் தொடர்ச்சியாக ஃபிலிமேஷன் நிறுவனம் எடுத்த ‘ஜர்னி பேக் டு ஆஸ்’ கார்ட்டூன் படத்தைப் பற்றி. உள்ளதைச் சொன்னால், படம் சுமார்தான். 1962-ல் ஆரம்பித்து, கையில் காசில்லாமல் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டு, 1972-ல் பிரிட்டனிலும் 1974-ல் அமெரிக்காவிலும் ஒருவழியாக வெளியிட்டார்கள். மாம்பி என்ற புதுச் சூனியக்காரி பச்சை யானைப் படையோடு வருகிறாள். கதாநாயகியான டோரத்தி என்ற சிறுமி உதவி கேட்டுப் போனால், முதல் படத்தில் அவளோடு துணைக்கு நடந்த தகர மனிதனும் சிங்கமும் பயந்துபோய்க் கையை விரித்துவிடுகிறார்கள். முதல் படம் முழுக்க நடையாய் நடந்து இதயமும் தைரியமும் வாங்கியது இதற்குத்தானா? பாட்டுகளும் அதிகம். ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

ஆனால் குரல்கள்! டோரத்திக்குப் பேசியவர் லைசா மினெல்லி. முதல் படத்தில் டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டின் மகள். அம்மா அந்த வேடத்தில் நடித்தபோது வயது பதினாறு. மகள் குரல் கொடுத்தபோதும் ஏறக்குறைய அதே வயது. படம் முடிவதற்குள், 1969-ல், ஜூடி இறந்துவிட்டார். அமெரிக்காவில் வெளியாகும்போது லைசா ஆஸ்கர் வாங்கிய நடிகை, திரையில் கேட்பதோ பள்ளிக்கூடப் பெண்ணின் குரல். (அதே 1974-ல், முதல் படத்தில் தகர மனிதனாக நடித்த ஜாக் ஹேலியின் மகனை லைசா கல்யாணம் செய்துகொண்டார். இப்படி ஒரு சம்பந்தம் கதையில் வந்தால் நம்பியிருக்க மாட்டோம்.)

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது உங்களுக்குக் கிடைத்த வேடம். டோரத்தியின் அத்தை! பழைய படத்தில் டோரத்தியின் நாயைப் பிடித்துப்போகக் கூடையும் உத்தரவுமாக வந்து நிற்கும் மிஸ் கல்ச்சும் நீங்கள்தான். ஊரில் பாதி உன்னுடையது என்பதற்காக எங்களை ஆட்டிப்படைக்க முடியாது என்று அத்தை பொரிவார். இருபத்து மூன்று வருடமாக உன்னைப் பற்றிச் சொல்லக் காத்திருக்கிறேன், கிறிஸ்தவப் பெண்ணாக இருப்பதால் வாய் வரவில்லை என்பார். அந்த வசையை வாங்கிக்கொண்டு நின்ற நீங்களே பின்னால் அந்த வீட்டு அத்தையாகி, டோரத்தி கனவிலேயே கிடக்கிறாளே என்று கவலைப்படுகிறீர்கள்.

இந்த அத்தை வேடம் உங்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். அந்தச் சூனியக்காரி வேடத்தில் நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1938 டிசம்பரில், புகையோடு மறைகிற காட்சியில் தீ முந்திக்கொண்டு முகமும் கையும் வெந்துபோயின. பச்சை ஒப்பனையில் செம்பு கலந்திருந்ததால் வெந்த தோல்மேல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தார்கள். வாரக்கணக்கில் படுத்திருந்து திரும்பியதும், இனி நெருப்பு வேலைக்கு வரமாட்டேன் என்று கறாராகச் சொன்னீர்கள். சரியான பேச்சு.

1975-ல் மிஸ்டர் ரோஜர்ஸ் என்பவரின் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் அந்தக் கறுப்பு உடையையும் தொப்பியையும் பிள்ளைகள் கண்முன்னே ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டி, இது வெறும் வேஷம் என்று புரியவைத்தீர்கள். அது டீச்சர் வேலை. அடுத்த வருடமே செசமி ஸ்ட்ரீட் என்ற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சியில் மறுபடி சூனியக்காரியாக வந்தீர்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர் புகார் எழுத, அந்தப் பகுதியை அதோடு ஓரங்கட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால், புகார் எழுதியவர்களுக்கு இந்தக் கார்ட்டூனில் டோரத்தியின் ஊரான கான்சஸில் நடக்கும் காட்சிகளைப் போட்டுக் காட்டி, அத்தை குரல் யாருடையது என்று கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தைக் குரலின் ரசிகன்