காலி பாட்டில் கொடுத்த அக்காங்களுக்கும் கேம்ப்ல கூட நின்னவங்களுக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். கேம்ப் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு, துணியெல்லாம் துவைச்சு மடிச்சு வச்சாச்சு, நகக்கண்ணுல இருக்கற நீலக்கலர் மட்டும் இன்னும் போகல. அங்க கூட வேலை பார்த்தவங்களுக்கு இங்கிலீஷ்ல கார்டு எழுதி அனுப்பிட்டேன், ஆனா நியூஜெர்சி எடிசன் ஊர்ல நம்ம தமிழ் அக்காங்க பண்ணின உதவியையும் சேர்த்து தமிழ்ல வாயாரச் சொன்னாதான் எனக்கு மனசு ஆறும், அதான் இந்த மடல்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், பென்சில்வேனியால போகோனோ மலைப்பக்கம் ஒரு யூத சம்மர் கேம்ப்ல ரெண்டு வாரம் ஆர்ட் டீச்சரா இருந்தேன். அமெரிக்க யூதக் குடும்பங்கள்ல கேம்ப்ங்கறது பல தலைமுறைப் பழக்கம், ராமா (Ramah)ங்கற யூத கேம்ப் அமைப்போட முதல் கேம்ப் விஸ்கான்சின்ல ஆரம்பிச்சதே 1947ல. என் குரூப்ல 14 பிள்ளைங்க, எட்டு ஒம்பது வயசு. எங்க தலைப்பு பெரேஷித், அதாவது தமிழ் பைபிள்ல ஆதியாகமம்னு இருக்குல்ல, அதுல வர்ற ஏழு நாள் படைப்புக் கதை. அந்தந்த நாள் படைப்பைக் கையால செய்யணும், செய்யும்போது மனசுல என்ன வருதோ அதையும் பேசணும், இதான் வேலை.

இதுல ரெண்டாம் நாளைப் பத்திதான் சொல்லியே ஆகணும். அன்னிக்கு கடவுள் மேல இருக்கற தண்ணியையும் கீழ இருக்கற தண்ணியையும் பிரிச்சு நடுவுல வானத்தை வைக்கறார். இதுக்காகத்தான் உங்ககிட்ட எல்லாம் காலி பிளாஸ்டிக் பாட்டில் கேட்டேன், நீங்களும் தேன் பாட்டில், ஊறுகா பாட்டில்னு லேபிள் கூட உரிச்சு கழுவிக் காயவச்சு ரெண்டு பை நிறைய கொடுத்தீங்க. அது கோஷர் கிச்சன், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கறது, பாலையும் கறியையும் சேர்க்க மாட்டாங்க, பாத்திரமே தனித்தனி, அதனால கிச்சன் சூப்பர்வைசர் "ஆர்ட் ரூம்ல தாராளமா வச்சுக்கோங்க, சமையக்கட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்"னு சொல்லிட்டு அவரே ஒரு கேன் எண்ணெயும் நீல ஃபுட் கலரும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பாட்டில்ல மட்டும் மாங்கா ஊறுகா வாசனை போகவே இல்ல, ஒரு பொண்ணு அதை மோந்து பார்த்துட்டு எனக்கு இதுதான் வேணும்னு புடிச்சுக்கிட்டா.

பாதி நீலத்தண்ணி, பாதி எண்ணெய், மூடி இறுக்கிட்டு குலுக்கணும். குலுக்கும்போது எல்லாம் கலங்கி ஒண்ணா இருக்கும், கீழ வச்சா மெதுமெதுவா எண்ணெய் மேல போயிடும், நடுவுல ஒரு கோடு விழும். மத்த பிள்ளைங்க எல்லாம் சிரிச்சு விளையாடிட்டு இருக்க, ஒரு பையன் மட்டும் குலுக்கறதும் வைக்கறதும் அந்தக் கோட்டையே பார்க்கறதுமா இருந்தான். அப்புறம் யாரையும் பார்க்காம "ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு"ன்னான். அழாதடா, ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான் என் வாய் வந்துச்சு. கேம்ப் ரபி, அதாவது யூத மதகுரு, பக்கத்துலதான் இருந்தாங்க, அவங்க தரையில அவன் பக்கத்துல உட்கார்ந்து, முதல் நாள்ல "நல்லது"ன்னு வருது, ஹீப்ரூல தோவ், ஆனா ரெண்டாம் நாள்ல மட்டும் அந்த வார்த்தையே கிடையாது, அது ஏன்னு உனக்குத் தோணுதுன்னு கேட்டாங்க. பையன் ரொம்ப நேரம் யோசிச்சான், அப்புறம் "அன்னிக்கு வேலை முடியல"ன்னான். ரபி முகத்தைப் பார்க்கணுமே! 1500 வருஷத்துக்கு முன்னாடி பழைய ரபிமாரும் இதே பதிலைத்தான் சொல்லி வச்சிருக்காங்களாம், தண்ணி வேலை மூணாம் நாள்தான் முடியுது, அதனாலதான் மூணாம் நாள்ல தோவ் ரெண்டு தடவை வருதுன்னு. அவங்க வாரக் கணக்குல மூணாம் நாள் செவ்வாய், அதுக்காகவே செவ்வாய்க்கிழமைல கல்யாணம் வைக்கற வழக்கம் கூட இருக்காம். யாரும் அவனைத் தேத்தல, எல்லாம் சரியாயிடும்னு சொல்லல, நல்லா இல்லாததை நல்லா இல்லன்னு சொல்ல விட்டாங்க. ரபிக்கு என் முதல் நன்றி அதுக்குத்தான்.

நாலாம் நாள் நிலாவோட பொறாமைக் கதை, ஒரே கிரீடத்தை ரெண்டு ராஜா எப்படிப் போட்டுக்கறதுன்னு கேட்டு நிலா சின்னதாப் போன கதை, அதைத் தனியாதான் எழுதணும்.

கேம்ப்ல கூடவே தங்கி சின்னப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற கவுன்சிலர் பிள்ளைங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பதினெட்டு வயசுதான் ஆகுது. ராத்திரி லைட்ஸ் அவுட் ஆனதும் வீட்டு ஞாபகத்துல ஒரு பொண்ணு அழ ஆரம்பிச்சா, ஒரு கவுன்சிலர் அவ கட்டில் பக்கத்துல தரையிலேயே படுத்துக்கிட்டு கையைப் புடிச்சுக்கிட்டே கதை சொன்னா. ஆதாம் முதல் தடவை சூரியன் மறையறதைப் பார்த்து, தான் பண்ணின தப்பாலதான் உலகமே இருட்டாகுதுன்னு பயந்து ராத்திரி முழுக்க அழுதானாம், ஏவாளும் எதிர்ல உட்கார்ந்து அழுதாளாம், விடிஞ்சதும்தான் ஓ, உலக வழக்கமே இதுதான்னு புரிஞ்சுதாம். இது தால்முத்ங்கற பழைய யூத நூல்ல இருக்கற கதை. யூதக் கணக்குல நாள் தொடங்கறதே சாயங்காலத்துலதான், இருட்டு முதல்ல, வெளிச்சம் அப்புறம். மறுநாள் அந்தப் பொண்ணு தாளை முழுக்கக் கறுப்பாத் தீட்டி ஓரத்துல ஒரு மஞ்சள் கோடு போட்டா.

வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்குள்ள பிரஷ் எல்லாம் கழுவி ரூமைப் பூட்டிடுவோம், ஷபாத்ங்கற வார ஓய்வு நாள்ல (வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனி ராத்திரி வரை) விலக்கி வைக்கற 39 வேலைல சாயம் போடறதும் எழுதறதும் வருது. கழுவ உதவின மெயின்டனன்ஸ் அண்ணனுக்கும், ராவும் பகலும் கதவைத் திறந்து வச்ச நர்ஸ் அம்மாவுக்கும் ரொம்ப நன்றி.

கடைசி சனிக்கிழமை மூணு நட்சத்திரம் தெரிஞ்சதும் ஹவ்தாலா, ஷபாத்தை வழியனுப்பற சடங்கு. பின்னல் மெழுகுவத்தியைச் சுத்தி எல்லாரும் தோளோட தோள் நின்னோம், கிராம்பும் பட்டையும் போட்ட டப்பா கைமாறி வந்துச்சு. ஷபாத் போகுதேன்னு வாடற மனசுக்கு அந்த வாசனைதான் ஆறுதல்னு சொன்னாங்க, எனக்கு எங்கம்மா அடுக்களை ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு. திரியை ஒயின்ல தோய்ச்சு அணைச்சப்ப வந்த அந்த "உஸ்" சத்தத்துல பிள்ளைங்க பாதிப்பேர் அழுதாங்க, யாரும் தடுக்கல.

அக்காங்களே, பாட்டிலைத் திருப்பித் தரேன்னு சொல்லியிருந்தேன். ஒண்ணுகூட மிச்சமில்ல, பிள்ளைங்க எல்லாத்தையும் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் பையன் தன் பாட்டிலை அம்மா வீட்டுல வைக்க ஒண்ணு, அப்பா வீட்டுல வைக்க ஒண்ணுன்னு கேட்டு ரெண்டா வாங்கிட்டுப் போனான்.