செயல்பாட்டு அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான செயல்பாட்டு அறை வேலை முடிந்தது. அறையின் சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இத்துடன் வருகிறது. இந்த அறிக்கையில் எதைச் செய்தோம், எதை இடையில் மாற்றினோம், எது முதலில் பழுதாகும், அதை எப்படிச் சரிசெய்வது என்று எழுதியிருக்கிறோம். வேறு ஊர்ப் பள்ளிக்கு இதேபோல் செய்ய நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் அளவுகளோடு தருகிறோம்.

வேலையைத் தொடங்குமுன் பள்ளியின் பழைய பொருளறையைத் திறந்து பார்த்தோம். ஆந்திரத்தின் ரிஷிவேலி முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் தட்டுகளும் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. நல்ல அட்டைகள். ஆனால் "பத்து மணிகளை எடு" என்று சொல்லும் அட்டைக்கு உரிய மணிகள் ஒன்றுகூட இல்லை. எண்ணுவதற்கான பொருள் தொலைந்த நாளிலேயே அட்டை இன்னொரு பாடப்புத்தகமாகிவிடுகிறது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் கையால் தொட்டுச் செய்யும் வேலை நிறைய. ஆகவே இந்தத் திருப்பணியில் குழு வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளும் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும், எடுத்த எண்ணிக்கை அப்படியே தட்டுக்குத் திரும்ப வேண்டும்.

சுவரும் அலமாரியும்

மூன்று சுவர்களில் கீழ்மட்டக் கரும்பலகை பூசியிருக்கிறோம். தரையிலிருந்து 1 அடி உயரத்தில் தொடங்கி 3½ அடியில் முடிகிறது. 2 அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டதில் 24 கட்டங்கள் கிடைத்தன. ஆளுக்கு ஒரு கட்டம். சிமெண்ட் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி, பிறகு மூன்று வாரம் காயவிட்ட பின்னரே கரும்பலகை பெயிண்ட் அடித்தோம். ஈரம் இருக்கும்போதே அடித்தால் ஒரு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் எழுதினால் முதலில் எழுதிய எழுத்தின் தடம் பல மாதம் போகாது.

அலமாரியின் மேல்தட்டு 3 அடியைத் தாண்டவில்லை. ஆசிரியர் எடுத்துக் கொடுக்க வேண்டிய உயரத்தில் வைத்த பொருளைப் பிள்ளைகள் தாமாக எடுப்பதில்லை.

எழுத்து

அதிக நேரம் எடுத்தது இந்தப் பகுதி. பலன் அதிகம் தரப்போவதும் இதுவே என்பது குழுவின் கருத்து.

முதலில் உப்புத்தாள் எழுத்துகள். பிள்ளை விரலால் தடவி எழுத்தின் போக்கை உணர்வதற்கானவை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலத்திலிருந்தே நம் பக்கத்தில் அறிமுகமான பொருள் இது. மணலில் விரல் வைத்து எழுதிய திண்ணைப் பள்ளிக்கூட வழக்கமோ அதற்கும் மிக முந்தியது. 15க்கு 12 செ.மீ. அட்டையில் 8 செ.மீ. உயர எழுத்து. தாள் 120 எண் போதும். 60, 80 எண் தாள் விரல் நுனியைச் சிராய்க்கும். 220க்கு மேல் போனால் வழவழப்பாகி, தடவுவதும் தடவாததும் ஒன்றாகிவிடும். எழுத்தைத் தாளின் பின்பக்கம், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைந்து வெட்ட வேண்டும். நேராக வரைந்து வெட்டினால், சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி ஒட்டும்போது எழுத்து இடம் வலம் மாறிவிடும். 'ட' இடம் வலம் மாறிப்போன ஏழெட்டுத் தாள்கள் அப்படித்தான் வீணாயின. பசையை மெல்லியதாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு முழுக்க வைக்க வேண்டும். இல்லையேல் அட்டை வில்லாக வளையும். எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்திருக்கிறோம். அந்தப் புள்ளி இல்லாத அட்டையில் பிள்ளை தனக்கு வசதியான இடத்தில் தொடங்கித் தடவும். தவறான போக்கு விரலில் ஏறிவிட்டால் பின்னால் மாற்றுவது கடினம்.

அடுக்கும் வரிசை அகரவரிசை இல்லை. நேர்கோடும் மூலையும் மட்டுமே கொண்ட ட, ப முதலில், பிறகு ம, ய. சுழியும் வளைவும் கொண்டவை அடுத்து. ண, ன, ந மூன்றையும் ஒரே வாரத்தில் தர வேண்டாம் என்று தட்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். ல, ள, ழ ஆகியவற்றுக்கும் அப்படியே.

மணல் தட்டுக்கு ஆற்று மணலை ரவைச் சல்லடையில் சலித்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்தோம். கழுவாத மணலில் தூசு எழுந்து பிள்ளைகள் தும்முவார்கள். மணல் அரை அங்குல உயரமே இருக்க வேண்டும். கூடினால் கரை சரிந்து எழுத்து மூடிக்கொள்ளும். குறைந்தால் விரல் அடித்தட்டில் உரசும். தட்டின் அடிப்பக்கத்துக்குக் கருநீலம் அடித்ததால் எழுதிய கோடு பளிச்சென்று தெரிகிறது. ரவையில் எழுதவைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எறும்பும் வண்டும் வரும் என்பதால் வேண்டாம் என்றோம்.

அடுத்தது உயிர்மெய் நகர்த்தி. இதை எல்லோரும் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். அடியில் 18 மெய்களுக்கும் உரிய அகர எழுத்துகள் வரிசையாக எழுதிய நீண்ட அட்டை. அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை. பட்டையில் நடுவை வெறுமையாக விட்டு, இருபுறமும் குறிகளை எழுதியிருக்கிறது: வெறுமை, துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு, ஒற்றைக் கொம்பும் துணைக்காலும், இரட்டைக் கொம்பும் துணைக்காலும் என ஏழு வரிசை. 'ப' மேல் நகர்த்தினால் ப, பா, பெ, பே, பை, பொ, போ என்று பிள்ளை தானே உண்டாக்கிப் படிக்கலாம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருகிறது என்பதுதான் இந்த வயதில் பெரிய இடறல். 'ப' எழுதிவிட்டு, முன்னால் கொம்பை இடுக்கிச் செருகும் பிள்ளைகள் வகுப்புக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள். நகர்த்தியில் முதலில் 'ப' என்று சொல்லவைத்து, அப்புறம் பட்டையை நகர்த்தவைக்க வேண்டும்.

இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளை இதில் சேர்க்க முடியாது. டி, டீ மற்றவற்றைப்போல் விசிறி (இகர, ஈகாரக் குறி) ஏற்பதில்லை. கு, சு, மு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. குறியைத் தனியே பிரித்துக் காட்டினால் பிள்ளைகள் இல்லாத எழுத்தை உண்டாக்குவார்கள். எனவே அந்த நான்கு வரிசைக்கும் 72 தனி அட்டைகள். ஔகாரத்தை இந்த வயதுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

நகர்த்தியில் வந்த குறைகள் இரண்டு. ர, ட போன்ற ஒடுங்கிய எழுத்துக்கும் துணைக்காலுக்கும் இடையே வெளி விழுந்து 'ரா' இரண்டு எழுத்தாகத் தெரிந்தது. அவற்றைச் சற்று அகட்டி எழுதி மாற்றினோம். பட்டையில் மார்க்கர் மை வியர்வைக் கையில் அழிந்தது. இப்போது எழுத்தின் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டியிருக்கிறோம். டேப் மஞ்சளாகும்போது பட்டையை மாற்ற வேண்டும். மாற்றுப் பட்டைகள் ஆறு, அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன.

எண்

கட்டுக்குச்சிதான் அடிப்படை. முதலில் தென்னை ஈர்க்குச்சியில் செய்தோம். அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால் கட்டு நழுவுகிறது, கையிலும் குத்துகிறது. ஐஸ்கிரீம் குச்சிக்கு மாறினோம். ரப்பர் பேண்டு நம் வெயிலில் ஒரு பருவம்கூடத் தாங்காமல் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை 5 மி.மீ. அகலத்தில் வளையமாக வெட்டி, இரட்டையாகச் சுற்றிப் போட்டால் பத்துக் குச்சி இறுகி நிற்கிறது.

32இலிருந்து 17ஐக் கழிக்கும்போது மூன்று கட்டும் இரண்டு உதிரியும் பிள்ளை முன் இருக்கும். ஏழு எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். வளையத்தைக் கழற்றிப் பத்தைக் கொட்டுகிற அந்த நேரத்தில்தான் கடன் வாங்குவது என்பதன் பொருள் விளங்குகிறது. மீதி ஒரு கட்டும் ஐந்து உதிரியும். ஆகவே ஆசிரியர் கட்டைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நேரமானாலும் பிள்ளையே பிரிக்கட்டும்.

இதில் தேறியவர்களுக்கு மணிக்கோவை. 8 மி.மீ. மணிகள் பத்து, கம்பியில் கோத்து இரு முனையும் வளைத்தது. ஒரு கோவைக்கு 11 செ.மீ. கம்பி. பத்துக் கோவைகளைச் சேர்த்துக் கட்டியது நூறு. ஒரு தொகுதியில் உதிரி 20, கோவை 10, நூற்றுச் சதுரம் 1, ஆக 220 மணிகள். மூன்று தொகுதிகள் உள்ளன. குச்சிக்கட்டைப் போல் கோவையைப் பிரிக்க முடியாது. பத்து உதிரியைக் கொடுத்துவிட்டு ஒரு கோவையை மாற்றி வாங்க வேண்டும். அதனால் குச்சிக்கு முன் மணியைக் கொடுத்தால் குழப்பம் வரும்.

நம் மொழியில் பத்துக்கு மேல் எண்ணின் பெயரே இடமதிப்பைச் சொல்லிவிடும்: பதினைந்து, இருபத்து மூன்று. இடறுவது தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும். தொண்ணூறில் 'நூறு' காதில் விழுகிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்'. இன்னொன்று, நூற்று ஐந்து என்று சொன்னால் 1005 என்று எழுதுவது. இதற்கு மேலடுக்கு எண்ணட்டைகள் செய்தோம். ஒன்றுகள் 5 செ.மீ., பத்துகள் 10, நூறுகள் 15 செ.மீ. அகலம். ஒரு தொகுதிக்கு 27 அட்டை. 100இன் மேல் வலது ஓரம் ஒட்டி 5ஐ வைத்தால் கடைசிச் சுழி மறைந்து 105 ஆகிறது. தூக்கினால் அடியில் 100 அப்படியே இருக்கிறது. வலது ஓரம் மயிரிழை தப்பாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணுவதற்குக் கொடையாக வந்த விதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு பாட்டிலில் குன்றிமணி இருந்தது. சிவப்பில் கறுப்பு முனை கொண்ட அந்த விதை கடித்து விழுங்கினால் கொடிய நஞ்சு. அதை அப்புறப்படுத்திவிட்டோம்; அன்புடன் கொடுத்த உறுப்பினர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழுச் சிவப்பான மஞ்சாடியும் வாய்க்கோ மூக்குக்கோ போகும் அளவில் இருப்பதால் முதல் வகுப்புக்குத் தருவதில்லை. அவர்களுக்குப் பாட்டில் மூடிகள். புளியங்கொட்டையைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

தராசு

மற்றவற்றில் தராசு பற்றி மட்டும் சொல்கிறோம். ஓரடி மரச்சட்டம், இரண்டு கொட்டாங்குச்சி, மூன்று துளை. தட்டுகளைத் தொங்கவிடும் இரு துளைகளுக்கும் இடையே ஒரு கோடு போட்டால், நடுத்துளை அந்தக் கோட்டுக்கு 5 மி.மீ. மேலே இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே போட்ட முதல் தராசு எடை சமமாக இருந்தும் ஒரு பக்கம் கவிழ்ந்தே நின்றது. மிக மேலே போட்டால் சின்ன எடை வேறுபாட்டைக் காட்டாது. கொட்டாங்குச்சிகள் ஒரே எடையில் கிடைப்பதில்லை. இலேசானதின் அடியில் களிமண் ஒட்டிச் சமன்செய்து, அதன்பின் பிள்ளைகளிடம் தர வேண்டும்.

இனி

ஒவ்வொரு தட்டின் முன்பக்கத்திலும் பொருளின் படமும் எண்ணிக்கையும் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேலை முடிந்ததும் பிள்ளைகள் எண்ணி வைப்பார்கள். அதுவும் எண் பயிற்சியே. குறைந்தால் அடித்தட்டிலுள்ள மிச்சப் பெட்டியிலிருந்து அன்றே ஈடுசெய்ய வேண்டும். ஒரு மணி குறைந்த பத்துக்கோவை பிள்ளைக்குத் தவறான கணக்கைக் கற்றுத்தரும், அதனால் அறுந்த கோவையைத் தட்டில் விடவே கூடாது என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். லேமினேட் செய்த அட்டைகளில் தாளைச் சுற்றி 3 மி.மீ. ஓரம் விட்டு, மூலைகளை உருட்டி வெட்டியிருக்கிறோம். ஓரம் பிரிந்த அட்டைக்குள் ஈரம் புகுந்தால் காப்பாற்ற முடியாது, புதிதாகச் செய்துவிடுங்கள்.

உறுப்பினர்களிடம் வேண்டுவது: புதிய விளையாட்டுப் பொருள் வாங்கித் தருவதைவிட, பழைய சைக்கிள் டியூப், ஒரே அளவிலான பாட்டில் மூடி, 120 எண் உப்புத்தாள் இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பருவத் தொடக்கத்துக்கு ஒருமுறை இருவர் வந்து எல்லாத் தட்டுகளையும் எண்ணிச் சரிபார்க்க முறைப்பட்டியல் போட்டிருக்கிறோம். பெயர் கொடுக்காதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு