பெயரோடு ஒட்டிய பதிவு எண்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே நான் நலம். முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் விண்டோஸோடு வந்த 'ரைட்' என்கிற எழுதும் நிரலில் நீ எழுதி வைத்ததையெல்லாம் திறந்து பார்க்க, இன்றைய கணினியில் பழைய டாஸ் நிரல்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1 போட்டிருக்கிறாய் என்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, ஐகான்களை ஒழுங்குபடுத்த நாம் இருவரும் வைத்திருந்த அந்தச் சின்ன நிரல். இன்னொன்று, அதற்குப் பணம் கட்டிப் பதிந்தபோது எனக்கு வந்த பதிவு எண். நிரலை இதோடு அனுப்புகிறேன். எண்ணைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த நிரல் ஏன் தேவைப்பட்டது என்பது உன் திரையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். விண்டோஸ் 3.1 திறந்ததும் வருகிற புரோகிராம் மேனேஜரில், ஐகான்களைச் சேர்த்து வைக்கிற ஜன்னலான ஒரு க்ரூப்புக்குள் இன்னொரு க்ரூப் வைக்க முடியாது. ஒரு க்ரூப்பில் 50 ஐகான், மொத்தம் 40 க்ரூப், அதுதான் எல்லை. அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே ஜன்னல்கள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு, தேடுகிற ஐகான் எதற்கடியில் கிடக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். இந்த நிரல் க்ரூப்புக்குள் க்ரூப் வைக்க விட்டது. அந்த ஒரு வசதிக்காகவே நான் அதை விடவில்லை.

சரி, நிறுவுவதற்கு முன் ஒரு வேலை செய். விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம், வின், புரோக்மேன் என்று மூன்று ஐஎன்ஐ ஃபைல்கள், அதாவது அமைப்புகளை எழுதி வைக்கிற ஃபைல்கள், இருக்கும். அவற்றையும் ஜிஆர்பி என்று முடிகிற எல்லா ஃபைல்களையும் வேறு இடத்தில் காப்பி எடுத்து வை. ஒவ்வொரு க்ரூப்பும் ஒரு ஜிஆர்பி ஃபைல். அவை எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் புரோக்மேன் ஐஎன்ஐயில் இருக்கிறது. உனக்கு இன்னும் சுலபம். டாஸ்பாக்ஸில் சி டிரைவ் என்று நீ பார்ப்பது உன் கணினியில் இருக்கிற ஒரு சாதாரண ஃபோல்டர்தானே, அதை அப்படியே இன்னொரு பிரதி எடுத்துவிட்டால் போதும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் தடவை நான் காப்பி எதுவும் எடுக்காமல் நிறுவினேன். புரோகிராம் மேனேஜருக்குப் பதிலாக அந்த நிரலே முதலில் வரட்டுமா என்று நிறுவும்போது கேட்டது, சரி என்று அழுத்திவிட்டேன். மறுபடி விண்டோஸைத் தொடங்கினால், லோகோ வருகிறது, பிழைச் செய்தி ஒன்று வருகிறது, திரும்ப டாஸ் திரையில் வந்து நிற்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு போராடினேன். கடைசியில் பார்த்தால் சிஸ்டம் ஐஎன்ஐயில், 'பூட்' என்ற தலைப்பின் கீழ், 'ஷெல்' என்று தொடங்குகிற ஒரே ஒரு வரி. புரோகிராம் மேனேஜரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்த நிரலின் பெயர். இதுவோ விஷுவல் பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதியது, விபிரன்300 என்கிற டிஎல்எல் (நிரலுக்கான துணை ஃபைல்) இல்லாமல் எழுந்திருக்காது. என் கணினியில் அந்த ஃபைலே இல்லை. நிரலோடு வந்த ரீட்மீ என்ற குறிப்பு ஃபைலின் இரண்டாவது பத்தியிலேயே ஆசிரியர் அதைத் தெளிவாக எழுதியிருந்தார். உனக்கு அனுப்புகிற ஜிப்பில் அந்த டிஎல்எல்லையும் சேர்த்திருக்கிறேன், சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிடு. ஷெல் வரியை மாற்றட்டுமா என்று கேட்டால் முதல் ஒரு வாரம் வேண்டாம் என்றே சொல். அப்படியும் மாட்டிக்கொண்டால் டாஸ்பாக்ஸுக்கு வெளியே நோட்பேடிலேயே அந்த வரியைத் திருத்திவிடலாம்.

அப்புறம் ஒன்று. ஐகான்களை உனக்குப் பிடித்த மாதிரி அடுக்கியதும், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே புரோகிராம் மேனேஜரின் ஃபைல் மெனுவில் 'எக்ஸிட்' கொடு. விண்டோஸ் மூடாது, அடுக்கிய வரிசை மட்டும் சேமிப்பாகும்.

இனி பதிவு எண். கேட்டதில் தப்பில்லை, ஆனால் நான் அதைத் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் படி.

இந்த நிரல் ஒரு ஷேர்வேர், அதாவது காப்பி செய்து பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் பணம் கட்டிப் பதிகிற நிரல். அந்த ஏற்பாடே நம்பிக்கையில் தொடங்கியது. 1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன் பிசி-டாக் நிரலையும் ஜிம் நாஃப் பிசி-ஃபைல் நிரலையும் ஊருக்கெல்லாம் காப்பி செய்ய விட்டு, பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். ஷேர்வேர் என்ற பெயரைப் பரப்பிய பாப் வாலஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய பிசி-ரைட் என்கிற எழுதும் நிரலுக்குப் பணம் கட்டியவருக்கு ஒரு எண் கிடைக்கும். அப்படிக் கட்டியவர் கொடுத்த பிரதியை வைத்து வேறொருவர் 75 டாலர் கட்டிப் பதிந்தால், முதலாமவருக்கு 25 டாலர் போய்ச் சேரும். நிரலை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடு, அவரவர் கணக்கை அவரவர் கட்டட்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

நான் பதிந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. படிவத்தை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அச்செடுத்து, பேனாவால் நிரப்பி, பேங்க் டிராஃப்டோடு தபாலில் போட்டேன். ஆறேழு வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு ஃப்ளாப்பி, அரைப்பக்கக் கடிதம். என் பெயரும் எண்ணும் அச்சில் இருந்தன. கீழே நீல மையில் ஆசிரியரின் கையெழுத்து, அதற்கும் கீழே, இதில் வேறென்ன வசதி வேண்டும் என்று கையால் எழுதிய ஒரு வரி. அந்த எண்ணை என் பெயரை வைத்துத்தான் கணக்கிட்டிருந்தார். முதலெழுத்துக்குப் பின் வருகிற புள்ளியை விட்டுவிட்டால்கூட நிரல் ஏற்காது. இப்போது நீ அதைப் போட்டால் உன் திரையில் 'பதிவு செய்தவர்' என்று என் பெயர் வரும். அந்தக் கடிதம் எனக்கு எழுதப்பட்டது. எத்தனை வருஷமானாலும் அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு எதுவும் குறைந்துவிடாது. பதியாவிட்டாலும் நிரல் முழுசாக வேலை செய்யும். திறக்கும்போது நினைவூட்டுகிற பெட்டி சில நொடி நிற்கும், பிறகு தானாகப் போய்விடும். ரீட்மீயில் அவர் பெயர் இருக்கிறது. அதை வைத்துத் தேடிப் பார். பழைய ஷேர்வேர் ஆசிரியர்கள் சிலர் தங்கள் நிரல்களைப் பிற்பாடு இலவசமாக விட்டிருக்கிறார்கள், இவரும் விட்டிருக்கலாம். ஆள் கிடைத்தால் நீயே எழுதிக் கேள். இத்தனை வருஷம் கழித்தும் ஒருவர் தன் நிரலைத் தேடி வருகிறார் என்று தெரிந்தால் அந்த மனிதர் எவ்வளவு மகிழ்வார்! எழுதும்போது என் வணக்கத்தையும் சேர்த்துச் சொல்.

க்ரூப்பெல்லாம் அடுக்கி முடித்ததும் திரையைப் படமெடுத்து அனுப்பு. உன் ரைட் ஃபைல்கள் திறந்ததா என்பதையும் மறக்காமல் எழுது. நாம் சேர்ந்து எழுதிப் பாதியில் விட்ட அந்தக் கதை அதில்தான் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்