பிரம்பு வளையம் ஏந்தியவர்களுக்கு

திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதையில் மீட்டர் கேஜ் என்ற குறுகிய தண்டவாளக் காலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்கள், பாயிண்ட்ஸ்மேன்கள், கேங்மேன்கள், கேட்கீப்பர்கள் அனைவருக்கும்

அண்ணாச்சிமாரே, வணக்கம்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். எங்கள் ஊர் ஸ்டேஷனின் கதையைத் தேடிப் போனால் கையில் கிடைப்பது சில வருஷங்கள்தான். 1876இல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளைப்பாதை. 1902இல் கல்லிடைக்குறிச்சி வரை. 1903இல் செங்கோட்டை, 1904இல் மலையைக் குடைந்துகொண்டு புனலூர். 2012இல் அகலப்பாதை. இந்த 1902க்கும் 1903க்கும் நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் ஊர்தான் பாதையின் கடைசி ஸ்டேஷன். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் ஆற்றைக் கடந்து இங்கே வந்துதான் வண்டி ஏறியிருப்பார்கள். நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் வருஷங்களுக்குள் ஆட்கள் இல்லை. நீங்கள் இல்லை. அதனால்தான் உங்கள் வேலைக்கால நினைவுகளை எழுதித் தாருங்கள் என்று கேட்கிறேன்.

சின்ன வயதில் ஆச்சியோடு தென்காசி போக நிற்பேன். வண்டி உள்ளே வரும்போதே டிரைவர் ஒரு பிரம்பு வளையத்தைப் பிளாட்பாரத்தில் வீசுவார். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் திட்டவில்லை. வளையத்தில் கோத்த தோல்பையைத் திறந்து, உள்ளே இருந்த இரும்பு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கும் கனமுமாக இருந்தது. பக்கத்து ஸ்டேஷன் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் அதில் பொறித்திருந்தன. "இது டிரைவர் கையில இருக்குத வரைக்கும் எதிர்க்க ஒரு வண்டியும் வராதுடே" என்றார். இந்த உருண்டைகளை வைத்திருக்கும் மிஷின் ஸ்டேஷனுக்கு ஒன்று; பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் மிஷின் இரண்டும் கம்பியால் பிணைந்தவை. ஓர் உருண்டை வெளியே போய்விட்டால் அது இரண்டில் ஒரு மிஷினுக்குள் மறுபடி விழும்வரை இரு பக்கமும் அடுத்தது வெளிவராது. ஒற்றைப் பாதையில் அத்தனை உயிரும் அந்த உருண்டையை நம்பித்தான் போய்வந்தன. அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் நீங்கள்.

எழுத வராது என்று சொல்லிவிடாதீர்கள். பேசுங்கள், பேரப்பிள்ளைகள் போனில் பதிவுபண்ணட்டும். 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்ட ராத்திரி டியூட்டியில் இருந்தது யார்? பாலத்தை முதலில் போய்ப் பார்த்தது யார்? எங்கள் ஊர் அப்பளக்கட்டு எந்த வண்டியில் பார்சல் ஏறும்? குற்றால சீசனில் கூட்டத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவதுதான் எங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று. பரணில் அட்டை டிக்கெட், கைவிளக்கு, சாயம்போன கொடி, பழைய டைம்டேபிள் ஏதும் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீடு வெள்ளையடிக்கும்போது பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பாவூர்சத்திரமோ கீழக்கடையமோ சேரன்மகாதேவியோ, எந்த ஊரானாலும் நானே நோட்டும் பேனாவுமாக வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்து நின்ற பையன்