மூன்று கட்டை சுருதியில்

டிரெஸ்டன்,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குன்னூரில் குளிர் விட்டதா? தினமும் பேசுகிறோம்தான். ஆனால் இது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நைட் டியூட்டி முடிந்து டிராமுக்கு நிற்கும்போது எதிர்க்கூரையில் ஒரு கறுப்புக் குருவி பாடுகிறது. மஞ்சள் மூக்கு. சிம்ஸ் பூங்காப் பக்கம் விடியற்காலையில் நாம் கேட்போமே, அதன் சொந்தக்காரன். குரலிலேயே தெரிந்துவிட்டது. இங்கே வந்த இந்த ஏழு மாதத்தில் என்னை முதலில் ஊருக்குக் கூட்டிப்போனது அதுதான்.

வார்டில் இருந்த ஒரு வயதான பியானோ டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு துண்டுத்தாளில் ஓர் இசைப் படைப்பின் பெயரை எழுதிக் கொடுத்து, "இதில் அந்தக் குருவி வரும், கேள்" என்றார். ஒலிவியே மெஸ்ஸியான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. 1940-ல் ஜெர்மன் படையிடம் பிடிபட்டு, கோர்லிட்ஸில் போர்க்கைதியாக இருந்தவர். இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். முகாம் இருந்த இடம் இன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம், போலந்தில் இருக்கிறது. வயலின், செல்லோ, கிளாரினெட் வாசிக்கிற மூன்று கைதிகளோடு தானும் பியானோவில் உட்கார்ந்து, 1941 ஜனவரி 15 அன்று முகாமின் கொட்டகை ஒன்றில் வாசித்திருக்கிறார். 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' என்று பெயர். எட்டுப் பகுதிகள். செல்லோவில் மூன்று கம்பிதான் இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அன்று வாசித்த எத்தியேன் பாஸ்கியேவே பின்னாளில் நான்கும் இருந்தன என்று சொல்லிவிட்டார். நான் கேட்பது 1956-ல் பதிவானது. அதில் மெஸ்ஸியானும் அதே பாஸ்கியேவும் வாசிக்கிறார்கள்.

அப்பா, முதல் பகுதியில் நம் தாளங்கள் இருக்கின்றன! சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' என்ற பழைய இசை நூலில் 120 தேசி தாளங்களைச் சொல்கிறார் அல்லவா, அந்தப் பட்டியல் பாரிஸில் இவர் கையில் கிடைத்திருக்கிறது. ராகவர்த்தனம், சந்திரகலை, லக்ஷ்மீசம் என்று மூன்றைக் கோர்த்துப் பியானோவுக்குக் கொடுத்துவிட்டார். அதில் 17 கால அளவுகள், மேலே ஓடுகிற சுரக்கூட்டுகள், அதாவது பல சுரங்களை ஒன்றாக அடிப்பவை, 29. இரண்டும் ஒன்றாகச் சேர 493 முறை சுரக்கூட்டு விழ வேண்டும். அதற்குள் பகுதி முடிந்துவிடுகிறது. தாளம் திரும்பத் தொடங்குகிற சமத்துக்கு நீங்கள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பீர்கள், வராது. கோர்வை வைத்து முடிக்க இடமே இல்லை. பியானோவும் செல்லோவும் தம்பாட்டுக்குச் சுழல, வயலினும் கிளாரினெட்டும் விடியற்காலைப் பறவைகளாகப் பேசுகின்றன. கிளாரினெட்தான் நம் மஞ்சள் மூக்கு.

மூன்றாவது பகுதியில் கிளாரினெட் தனியாக வருகிறது. நிமிடத்துக்கு 44 தட்டு. வார்டில் ஒருவருக்கு நாடி 44 என்று காட்டினால் நான் டாக்டரைத் தேடி ஓடுவேன். அந்த வேகத்தில் ஒரே சுரத்தை ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி, காது நிறையும் மட்டும் வளர்க்கிறார் கிளாரினெட் வாசிப்பவர். மூச்சு எங்கே வைத்திருந்தார் என்று புரியவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஐந்தாவதைப் பற்றி. செல்லோவும் பியானோவும் மட்டும். முடிவில்லாமல் மெதுவாக, பரவசத்தோடு என்று குறித்திருக்கிறார். ஈ மேஜர், அதாவது நம் கணக்கில் மூன்று கட்டை. சங்கராபரணம் போலத்தான் இருக்கும், திடீரென்று வெளிச்சுரம் ஒன்று நுழைந்து நிறம் மாறும், திரும்ப வீட்டுக்கு வந்துவிடும். கடைசிப் பகுதியும் அதே சுருதிதான். அது முன்பு ஆர்கனுக்கு ஒரு கட்டையில் எழுதியது. இங்கே வயலினுக்காக மூன்றுக்கு ஏற்றியிருக்கிறார்.

கைதி எழுதியது, அதனால் சோகம் என்று இங்கே கூட வேலை செய்கிற பெண் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோர்ந்து போனதால் வரும் மெதுவு இல்லை இது. மலை ரயிலில் நீங்கள் பிரேக்ஸ்மேனாக இருந்தபோது சொல்வீர்களே, ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், கொடி காட்டினால் போதும். குன்னூரிலிருந்து கல்லாறுக்கு இறங்கும்போதுதான் வண்டி ஓடத் துடிக்கும், அப்போது அதை மெதுவாக வைத்திருப்பதுதான் வேலை என்று. பியானோ ஒரே அளவில் தட்டுகிற அந்தச் சுரக்கூட்டுகள் பல்தண்டவாளத்தில் சக்கரம் பிடித்துப் பிடித்து இறங்குவது போலவே கேட்கின்றன. ஓட இடமிருந்தும் ஓடவில்லை. மார்கழி பஜனையில் மெதுவான விளம்ப காலத்தில் நீங்கள் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் மட்டும் தட்டிக்கொண்டு, எல்லாரையும் இழுத்துப் பிடித்திருப்பீர்களே, அந்தக் கை. முதல் மாதங்களில் மொழி புரியாமல், எதைச் செய்தாலும் பதறிக்கொண்டிருந்தேன். இப்போது ஊசி போடும் முன் மனசுக்குள் அந்த பியானோவை நான்கு தட்டு எண்ணிக்கொள்கிறேன். கை நடுங்குவதில்லை.

தம்பிக்கு லிங்க் அனுப்பியிருக்கிறேன். போனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். முதலில் ஐந்தாவது, பிறகு முதலாவது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்; எந்த இடத்தில் கை நின்றது என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மீனா