மனம் இருக்கிறது ஐயா, எழுத்துதான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொலைநிலைக் கல்வி பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "பாடங்கள் அனைத்தும் பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் ஏற்றப்பட்டுவிட்டன. இனிப் படிக்க மனம் இருந்தால் போதும்." தாராவி 90 அடிச் சாலைத் தேநீர்க் கடையில் திருநெல்வேலி நண்பர் ஒருவர் வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் பிரெயில் கற்று, 1986-இல் தொலைபேசி இயக்குநர் வேலைக்கு மும்பை வந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ். மனம் இல்லாதவன் 63 வயதில் கட்டணம் கட்டிச் சேரமாட்டான் என்பதைக் கட்டுரையாளர் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

என் மனைவி தாராவியிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், வாசிப்பது மராத்தியும் இந்தியும்தான். பேரன் ஆங்கிலப் பள்ளி. ஆக, எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் கணினி. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் என்விடிஏ என்ற மென்பொருள் அதில் இருக்கிறது, விலை கிடையாது. முதல் தாளின் பாடக் கோப்பைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை. பழைய அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கோத்திருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். கோணல் பக்கங்களும், முன்பு படித்த புண்ணியவான் போட்ட அடிக்கோடுகளும் சேர்ந்து, தலைவி பேசுவது எது, தோழி பேசுவது எது என்றே தெரியாமல் ஆக்கிவிட்டன.

இரண்டாம் தாள் தட்டச்சுக் கோப்பு. மகிழ்ந்தேன். பழைய பாமினி எழுத்துரு! ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவம் போர்த்தியது. 'அம்மா' என்று இருக்கும் இடத்தில் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் எழுத்தை எந்தக் கணினியும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றதே 2010-இல்.

தொலைநிலைக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "மாற்றிக் கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும் சார்" என்றார்கள். எங்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தமே விலக்கு அளித்திருக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் எட்ட வழிசெய்யும் பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் உலகிலேயே முதலில் ஒப்புதல் தந்ததும் நம் நாடுதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் யாரும் படித்துச் சொல்ல மாட்டார்களா?" என்றார்கள்.

நாற்பது ஆண்டுகளாக இதே கேள்விதான். வங்கியில் கையெழுத்துப் போடுகிறேன் என்றால், "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று என் தலைக்கு மேல் பார்த்துக் கேட்பார்கள். பி.ஏ. தேர்வில் எனக்காக எழுத அனுப்பிய பையனுக்குத் தமிழே எழுத வராது. நான் தமிழில் சொல்ல, அவன் இந்தி எழுத்தில் எழுதினான்!

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தங்களுக்குத் தெரியாததல்ல. அச்சு, மின்னணு ஊடகங்களில் வருபவை எங்களுக்கும் எட்டும் வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 'அச்சு' என்ற சொல்லை இன்னொரு முறை படியுங்கள். தங்கள் மின்னிதழும் வெறும் படம்தான் ஐயா. அந்த வரியை நான் தேநீர்க் கடையில் கேட்க நேர்ந்தது அதனால்தான். மின்னணு வசதிகள் எட்டுவதும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைப் பெரிதாக வெளியிட்டீர்களாம். அதுவும் படமாகத்தான்.

நான் கேட்பது சிறியது. எந்தப் பாடமும் அச்சுக்குப் போகும் முன் யாரோ ஒருவர் தட்டச்சுச் செய்ததுதானே? அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றச் சொல்லி நாலு வரி எழுதுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. தங்கள் மின்னிதழுக்கும் அதையே செய்யலாம்.

இக்கடிதத்தை வெளியிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிவியுங்கள். நண்பரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
தாராவி, மும்பை