ஜிபிஎஸ் கருவி: விலையைப் பார்க்காதீர்கள், பொத்தானைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஜியோகேச்சிங் போக எந்த ஜிபிஎஸ் கருவி வாங்கலாம் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு தாயார் கேட்டிருந்தார். விலை கூடக்கூடத் துல்லியமும் கூடும், வசதிக்கேற்ப வாங்குங்கள் என்று பதில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அலமாரியில் 189 சிங்கப்பூர் வெள்ளி தூங்கிக்கொண்டிருக்கிறது.

நான் 34 ஆண்டு தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த விளையாட்டுக்குள் என்னை இழுத்துவிட்டவன் பேரன்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். டப்பா சோற்று டப்பா அளவும் இருக்கும், பழைய பிலிம் டப்பா அளவும் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவு காந்தமாகவும் இருந்து உயிரை வாங்கும்.

பேரன் கேட்டானே என்று நகரில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனேன். "இதுவும் ஜிபிஎஸ்தான் ஆன்ட்டி, திரை பெரிசு, உங்க கண்ணுக்கு நல்லது" என்று ஒன்றைக் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது காரில் ஒட்டும் வழிகாட்டி. பூங்காவுக்குள் நடந்தால், நான் பக்கத்துச் சாலையில் போவதாக அடம்பிடித்தது. ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. திருப்பித் தரப் போனபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே என்றார்கள். அலமாரியில் தூங்கும் 189 வெள்ளி அதுதான். சரி, அது என் முதல் பாடம்.

இரண்டாவதாக 60 வெள்ளிக்கு கார்மின் நிறுவனத்தின் இடிரெக்ஸ் 10 என்ற பழைய கைக்கருவி ஒன்றை வாங்கினேன். கறுப்பு வெள்ளைத் திரை, உள்ளங்கைக்குள் அடங்கும், இரண்டு டபுள் ஏ பேட்டரி. அதை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். கருவி கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஒரு மலாய்க் குடும்பம் சாத்தே சுட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் நானும் பேரனும் குனிந்து குனிந்து பார்த்ததை என்னவென்று நினைத்தார்களோ, ஆளுக்கு இரண்டு குச்சி சாத்தே கொடுத்தார்கள். டப்பா கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு வாரமும் வேறு வேறு இடங்களில் இதே கதை.

காரணத்தைப் பேரன்தான் கண்டுபிடித்தான். ஒரே இடத்தில் நின்று என் கைப்பேசியையும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வடக்கு எண், அதாவது அட்சரேகை, ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. கிழக்கு எண்ணில் மட்டும் ஒரு நிமிடத்தில் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். கருவியின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், டேட்டம், அதாவது எண்களைக் கணக்கிடும் அடிப்படை, என்ற இடத்தில் 'கெர்டாவ் 1948' என்றிருந்தது. மலாயாவின் பழைய நில அளவை வரைபடங்கள் அந்த அடிப்படையில் போடப்பட்டவை. முன்னால் வைத்திருந்தவர் பழைய வரைபடத்தோடு காட்டில் நடப்பவராக இருந்திருக்க வேண்டும். ஜியோகேச்சிங் எண்கள் எல்லாம் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அடிப்படையில் இருப்பவை. இரண்டையும் குழப்பினால் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட 190 மீட்டர் மேற்கே தள்ளிப் போய் நிற்போம். இந்த விளையாட்டில் ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது நாங்கள் பக்கத்து டப்பாவின் எல்லைக்கே போய்த் தேடியிருக்கிறோம்!

அதனால் அந்தத் தாயாருக்கு என் முதல் யோசனை: பழைய கருவி வாங்கினால், காசு கொடுப்பதற்கு முன் திறந்த வெளியில் நின்று கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது இரண்டிலும் எண்ணை எழுதும் முறை ஒன்றாக இருக்கட்டும். ஜியோகேச்சிங்கில் பாகை, அப்புறம் தசமப் புள்ளியோடு நிமிடம் என்றுதான் எழுதுவார்கள். 1 பாகை 21.500 நிமிடம் என்பதை 21 நிமிடம் 50 வினாடி என்று அடித்துவிட்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போவீர்கள். மருந்து அளவில் தசமப் புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கே ஒருமுறை கை தவறியிருக்கிறது.

இனி துல்லியம். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி வரை சாதாரண மக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரை பிசகும். அன்று சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் வாக்கில், அன்றைய அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்துவிட்டு எண்களை இணையத்தில் போட்டார். விளையாட்டு அங்கே பிறந்தது. வாளிக்குள் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்ததாம். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த கருவிகளைவிட இன்று 60 வெள்ளிக்குக் கிடைக்கும் பழைய கருவி எவ்வளவோ மேல்.

ஜியோகேச்சிங் எண்ணில் கடைசி இலக்கம், அதாவது நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மரத்தடியில் எந்தக் கருவியும் ஐந்து மீட்டருக்குள் வந்தாலே நல்ல பிள்ளை. அதோடு, ஒளித்து வைத்தவரின் கருவிக்கும் பிழை உண்டல்லவா? அவருடையது இந்தப் பக்கம் ஐந்து, நம்முடையது அந்தப் பக்கம் ஐந்து என்றால் பத்து மீட்டர் ஆகிவிட்டது. 800 வெள்ளிக் கருவி வாங்கினாலும் ஒளித்தவரின் பிழையை அது திருத்தாது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கார்மினின் ஜிபிஎஸ்மேப் 67 போன்ற புதியவை, சுவரில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞையிடம் அவ்வளவாக ஏமாறுவதில்லை. தோ பாயோ குடியிருப்புப் பேட்டையில் நாலு பக்கமும் அடுக்குமாடி புளோக் சூழ்ந்த இடத்தில் என் இடிரெக்ஸ் குடிகாரனைப் போலத் தள்ளாடும். ஆனால் அங்கே தேட எனக்குக் கைப்பேசியே போதும், பத்து மீட்டர் நெருங்கியதும் அதையும் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டியதுதான்.

அப்படியானால் தனிக் கருவி எதற்கு? மெக்ரிட்சி காட்டுக்கும் புலாவ் உபின் தீவுக்கும் போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கை வியர்த்துவிடும், மழையும் வந்துவிடும். ஈர விரலுக்குத் தொடுதிரை படியாது. உச்சி வெயிலில் கைப்பேசித் திரை கறுப்புக் கண்ணாடி. பொத்தான் வைத்த கருவிக்கு வியர்வையும் தெரியாது, கையுறையும் தெரியாது. அதனால்தான் தலைப்பில் பொத்தான் என்றேன். கடையில் கருவியை வாங்கி, ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் எண்களை அடித்துப் பாருங்கள். பிள்ளைகளிடமும் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். விற்பவர் "பெட்டியைப் பிரிக்கக் கூடாது" என்றால் நடையைக் கட்டுங்கள்.

அப்புறம் திசைகாட்டி. இடிரெக்ஸ் 10இல் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அம்பு சரியாகக் காட்டும், நின்றுவிட்டால் அதற்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது. டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று யோசிக்கும் நேரத்தில்தானே அம்பு வேண்டும்? இப்போது நான் வைத்திருக்கும் இடிரெக்ஸ் 32எக்ஸில் அது உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றான 22எக்ஸில் இல்லை, பார்த்து வாங்குங்கள். திசைகாட்டி இருந்தால் அவ்வப்போது, முக்கியமாகப் பேட்டரி மாற்றியதும், கருவியைச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். புளோக்குக் கீழ்த்தளத்தில் செய்யாதீர்கள், தூண்களுக்குள் இருக்கும் இரும்பு அதைக் கெடுத்துவிடும். நான் புல்வெளியில் நின்று கையை நீட்டிக்கொண்டு சுற்றுவேன். அங்கே தாய்ச்சி பழகும் சீனப் பாட்டிகள் இரண்டு தடவை என்னைச் சேர்ந்துகொள்ளக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வரைபடமும் வேண்டும். அம்பு எப்போதும் நேர்கோட்டில்தான் காட்டும். உபினில் அது எங்களை நேரே பெக்கான் குவாரித் தண்ணீருக்குள் போகச் சொன்னது. 32எக்ஸில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். இயற்கை வனப்பகுதியில் பாதையை விட்டு இறங்குவது குற்றம் என்பதால், அம்பு காட்டினாலும் பாதை எங்கே வளைகிறது என்று பார்த்துத்தான் போக வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். வார்டில் பேட்டரி தீர்ந்துபோன கருவிகளோடு மல்லுக்கட்டிய பழக்கம். டபுள் ஏ போடும் கருவிதான் என் தேர்வு. உபின் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். மறுமின்னேற்ற பேட்டரி போட்டால், கருவியின் அமைப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு மீதம் என்பதைத் தப்பாகக் காட்டும். கழுத்துக் கயிறும் வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு மெக்ரிட்சிக்குப் போனால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் 67i மாதிரி (முன்பு சொன்ன 67 அல்ல), செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் இன்ரீச் கருவிகளை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோவது சட்டவிரோதம். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளைப் பிடித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு டப்பா தேட அந்த வசதி எதற்கு? கடைக்காரர் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்.

கேள்வி கேட்ட தாயார் எதையும் வாங்குவதற்கு முன் முதல் மாதம் கைப்பேசியை வைத்தே அக்கம்பக்கத்தில் தேடிப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு ஆசை தீரவில்லை என்றால், என் பழைய இடிரெக்ஸ் 10ஐ ஒரு வாரம் இரவல் தரத் தயார். உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். டேட்டத்தை மாற்றிவிட்டேன். பேட்டரி மட்டும் அவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
அங் மோ கியோ